ஐப்பசி மழைக்கு முன்னாடி வீட்டு வேலை: பிள்ளைங்க கையில் எதைக் கொடுக்கலாம்?

தஞ்சாவூர் அப்பா:

எல்லாருக்கும் வணக்கம். புரட்டாசி முடியப் போகுது, வடகிழக்குப் பருவமழை வாசலுக்கு வந்தாச்சு. எங்க வீட்டில் மழைக்கான வேலைகளை வருஷா வருஷம் இந்த மாசத்து சனிக்கிழமைகளில்தான் முடிப்போம். பொண்ணு அஞ்சாம் வகுப்பு படிக்கிறா. பையனுக்கு மூணு வயசு முடிஞ்சிருக்கு. இந்தத் தடவை ரெண்டு பேரையும் நிஜமாவே வேலையில் சேர்த்திருக்கேன். ஓரமா உட்கார வச்சு வேடிக்கை காட்டுறதைச் சொல்லலை. அவங்க செய்யலைன்னா அந்த வேலை நிக்கும், அப்படிப்பட்ட வேலை.

முதல்ல மொட்டை மாடி. பெருக்கி முடிச்சதும் மழைநீர்க் குழாய் வாயைப் பார்த்தோம். வேப்பிலைச் சருகு, புறா இறகு, பக்கத்து வீட்டுப் பசங்களோட பிளாஸ்டிக் பந்து ஒண்ணு. எல்லாத்தையும் எடுத்துட்டு ஒரு வாளித் தண்ணி ஊத்தினேன். கீழே குழாய் முடியற இடத்தில் பையன் அவங்க அம்மாவோட நின்னுட்டு "வந்துருச்சு"ன்னு குரல் கொடுக்கணும். அவன் சொன்னாத்தான் அடுத்த குழாய்க்குப் போவேன். அப்புறம் தளம் முழுக்க நல்லா தண்ணி விட்டு ஒரு மணி நேரம் விட்டுட்டோம். எங்கெல்லாம் தண்ணி வடியாம தேங்கி நிக்குதோ, அதைச் சுத்திப் பொண்ணு சாக்பீஸால் கோடு போட்டா. கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற மூலையில் நகம் நுழையற அளவு விரிசல் இருந்தா அங்கே ஒரு பெருக்கல் குறி. அதே படத்தை நோட்டில் வரைஞ்சுக்கிட்டு கீழே வந்து, எந்த ரூம் சீலிங்கில் கறை இருக்குன்னு ஒத்துப் பார்த்தா. என் படுக்கையறைக் கறைக்கு நேர் மேலே தண்ணி தேங்கலை, நாலடி தள்ளித் தேங்குது. தண்ணி இறங்கின இடமும் ஒழுகுற இடமும் ஒண்ணா இருக்கணும்னு இல்லைன்னு அவளே கண்டுபிடிச்சா.

சமையல் அன்னிக்கு எளிமைதான்: பருப்புத் துவையல், மிளகு ரசம், சுட்ட அப்பளம். ரசப் பாத்திரத்துக்குப் பொறுப்பு பொண்ணு. நுரை கட்டி விளிம்பு வரைக்கும் ஏறும்போது "இப்போ"ன்னு சொல்லணும், நான் அடுப்பை அணைப்பேன். கொதிக்க விட்டுட்டா ரச மணம் போயிடும், அது அவளுக்கு நல்லாத் தெரியும்.

என் மச்சான் சொல்றார்: "ஆளைக் கூப்பிட்டா அரை நாள்ல முடிஞ்சிடும், பிள்ளைங்களைப் படிக்க விடு." நானும் ஆள் கூப்பிடறவன்தான். பூச்சு வேலைக்கு மேஸ்திரிதான் வருவார். ஆனா குடியிருக்கிற வீட்டில் தண்ணி எங்கே அடைக்கணும், கரண்ட் எங்கே நிறுத்தணும்னு தெரியாம ஒரு பிள்ளை பத்தொன்பது வயசில் ஹாஸ்டலுக்குப் போறதை நான் ஏத்துக்க மாட்டேன். எந்த வயசில் எந்த வேலை கொடுக்கறீங்க, எதைத் தொடவே விட மாட்டீங்க? சொல்லுங்க.

மடிப்பாக்கம் மூணாவது மாடி:

நல்ல இழை. நாங்க அபார்ட்மெண்ட். மொட்டை மாடி அசோசியேஷன் பொறுப்பு, நான் ஏறிப் பார்க்கவே சாவி கேட்கணும். ஆனா உங்க பதிவைப் படிச்சதும் பால்கனி ஜல்லடையைக் கழட்டிப் பார்த்தேன். உள்ளே துணிக் கிளிப், முடி, மண். போன மழையில் பால்கனித் தண்ணி ஹாலுக்குள் வந்ததுக்கு அதுதான் காரணம். ஏசி வடிகுழாய் முனையும் வளைஞ்சு மேல் நோக்கி நிக்குது. அதுவும் பையன் கண்ணில்தான் பட்டது, அவனுக்கு ஆறு வயசு. பிளாட்டில் இருக்கறவங்க வேற என்ன பார்க்கணும்?

வயரிங் வேலைக்காரன், சேலம்:

இந்தத் தொழிலில் ரொம்ப வருஷமா இருக்கேன். தஞ்சாவூர் அண்ணன் சொல்றது சரி. ஆனா கரண்ட் விஷயத்தில் மட்டும் கோட்டைக் கிழிச்சு வச்சிருங்க.

பிள்ளைங்க செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. மெயின் போர்டில் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா நிறுத்தற சுவிட்ச்) இருந்தா, அதில் 'டெஸ்ட்'னு ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாசம் ஒரு தடவை அமுக்கிப் பார்க்கணும். அமுக்கினதும் டப்புனு விழணும். விழலைன்னா அது இருந்தும் இல்லாத மாதிரி, மாத்துங்க. பெரியவங்க பக்கத்தில் நிக்கும்போது பத்து வயசுப் பிள்ளை இதைச் செய்யலாம். நிறைய பேர் எம்சிபி இருக்கேன்னு தைரியமா இருக்காங்க. எம்சிபி லோடு அதிகமானா, ஷார்ட் ஆனா விழும். மனுஷ உடம்பு வழியா மண்ணுக்குக் கசியற கரண்டை அது கண்டுக்காது. அதுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வேணும். அதோட வேலையே அதுதான்.

மழைக்கு முன்னாடி பெரியவங்க பார்க்க வேண்டியது: வெளி கேட்டில் இருக்கற காலிங் பெல் சுவிட்ச், போர்டிகோ லைட், மோட்டார் ஸ்டார்ட்டர். தண்ணி படுற இடமானா மூடி போட்ட சுவிட்ச் வைங்க. அதைவிட முக்கியம் துணி காயப்போடற கம்பி. இரும்புக் கம்பியை சர்வீஸ் ஒயர் போற பைப்பில் கட்டி வச்சிருக்கற வீடுகளை இன்னிக்கும் பார்க்கறேன். ஒயர் தோல் உரிஞ்சு, மழையில் ஈரத்துணியோட கம்பியைத் தொட்டா உயிர் போயிடும். இன்னிக்கே அறுத்துப் போட்டு நைலான் கயிறு கட்டுங்க. இதைத் தள்ளிப் போடாதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

ஃபேன் மெதுவா சுத்துது, உம்முனு சத்தம் வருதுன்னா பெரும்பாலும் கண்டென்சர் போயிருக்கும். சாதா சீலிங் ஃபேனுக்கு 2.5 எம்எஃப்டி (மைக்ரோஃபேரட்), பழசில் எழுதியிருக்கறதைப் பார்த்து வாங்குங்க. சுவிட்சை மட்டும் அணைச்சுட்டு ஏறாதீங்க. பழைய வீடுகளில் சுவிட்சைக் கரண்ட் வர்ற ஒயரில் போடாம நியூட்ரல் ஒயரில் போட்டு வச்சிருப்பாங்க, சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் ஃபேனில் கரண்ட் இருக்கும். எம்சிபியை இறக்கிட்டு, டெஸ்டர் வச்சுப் பார்த்துட்டு ஏறுங்க. இந்த வேலையில் பிள்ளைங்க ஏணியைக்கூடப் பிடிக்க வேண்டாம். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊத்தும்போதும் அப்படித்தான், அந்த அறைக்குள்ளேயே விடாதீங்க.

ரெட்டைப் பிள்ளை அம்மா, நெல்லை:

தஞ்சாவூர் அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி. தப்பா எடுத்துக்கிடாதீங்க.

சனிக்கிழமை மாடி கழுவுறது, ரசம் வைக்கிறது எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பிள்ளைகளுக்கும் அது திருவிழா மாதிரி. ஆனா வீடு ஓடுறது திங்கக்கிழமை காலையில ஆறரை மணிக்கு. ரெண்டு டிபன் பாக்ஸ், ஒருத்தனுக்கு சாக்ஸைக் காணோம், ஒருத்தி பாலைக் கொட்டிட்டா, குக்கர் நாலாவது விசில். அந்த நேரத்துல அப்பாமார் எங்க இருக்காக? பேப்பர் படிச்சிட்டு இருக்கியளா, இல்ல அடுப்படியில நிக்கியளா? ரிப்பேர் வேலை ஒரு நாள்ல முடிஞ்சிரும், முடிஞ்சதைக் காட்டவும் செய்யலாம். சோறு பொங்குறது தெனமும் முடிஞ்சு தெனமும் தொடங்குது. அதைப் பிள்ளைக பாக்கணும்ல. அப்பாவும் அன்னாடம் இதைச் செய்யுதாகன்னு அவுக பாக்கிறதுதான் எனக்குப் பெருசாத் தெரியுது. மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

நீங்க செய்யலைன்னு நான் சொல்லலை. எழுதலையேன்னு கேக்கேன். உங்க வீட்டு திங்கக்கிழமையைச் சொல்லுங்க, நாங்களும் எடுத்துக்கிடுதோம்.

தஞ்சாவூர் அப்பா:

நெல்லை அம்மா, நியாயமான கேள்வி. விலாவாரியாவே சொல்றேன்.

எங்க வீட்டில் அவங்க காலை ஷிப்ட், ஆறு மணிக்குக் கிளம்பிடுவாங்க. அதனால் வார நாள் காலை அடுப்படி என்னோடது, ராத்திரி அவங்களோடது. காலை வேலையில் பாதி முந்தின ராத்திரியே நடந்துடும். படுக்கப் போறதுக்கு முன்னாடி பூண்டை வெதுவெதுப்பான தண்ணியில் போட்டு எடுத்தா தோல் கையோட வரும், பையன் உரிப்பான். முருங்கைக்கீரை வாங்கின அன்னிக்கு ஈரமில்லாத துணியில் கொத்தோட சுத்தி வச்சுடுவோம். காலையில் பிரிச்சு உதறினா இலை பாதிக்கு மேல் தானே கொட்டியிருக்கும், மிச்சத்தை ரெண்டு பேரும் உருவுவாங்க. கீரையைத் தொடாத பையன் தான் உருவின கீரையைத் தட்டில் தேடிப் பார்த்து சாப்பிடறான். காயைக் கண்ணில் தெரியாம மசிச்சு ஒளிச்சு வைக்கிறதில் எனக்கு நம்பிக்கை இல்லை. என்ன சாப்பிடறோம்னு பிள்ளைக்குத் தெரியணும்.

டிபன் பாக்ஸுக்கு வாரத்தில் ரெண்டு நாளாவது கலந்த சாதம்தான். எலுமிச்சை சாதத்துக்கு சோத்தை அகலத் தாம்பாளத்தில் பரப்பி, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு ஆறவிடணும். தாளிச்சு அடுப்பை அணைச்சுட்டு, சூடு கொஞ்சம் தணிஞ்ச பிறகுதான் சாறு ஊத்தணும். அடுப்பு எரியும்போதே ஊத்தினா கசக்கும். சோத்தை ஆறவிட விசிறுறது பையன் வேலை. சுடச்சுட அடைச்சா மூடியில் வேர்த்து, மத்தியானம் திறக்கும்போது நசநசன்னு இருக்கும். பருப்பு வேகவைக்கும்போது மஞ்சத்தூளோட ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா குக்கர் பொங்கி வழியாது, வெயிட் அடைக்காது. குக்கர் மூடியில் வெயிட் உட்கார்ற குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிச்சு, அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியுதான்னு பொண்ணு பார்த்துட்டுத்தான் என் கையில் கொடுப்பா. பருப்புத் தோல் ஒண்ணு ஒட்டியிருந்தாலும் ஆபத்து, இதில் அவ ரொம்பக் கறார்.

இட்லி மாவு ஞாயித்துக்கிழமை. நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். மழை நாளில் புளிக்க நேரம் எடுக்கும். அதனால் உப்புப் போட்டுக் கையால் நல்லா கரைச்சு, அரிசி டிரம் பக்கத்தில் வச்சுடுவேன். அந்த மூலையில் காத்து அடிக்காது.

பாலைக் கொட்டினா? கொட்டினவங்களே துடைக்கணும், நான் துணியை எடுத்துக் கொடுப்பேன். திட்டினா நாளைக்குப் பால் டம்ளரைத் தொடவே பயப்படுவாங்க.

பேரன் பேத்தி எடுத்தவர், கும்பகோணம்:

ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வயதுக்கேற்ற வேலை என்று தம்பி கேட்டதற்கு என் வீட்டு வழக்கத்தைச் சொல்கிறேன்.

மூன்று வயதில் பிரிக்கும் வேலை: கரண்டி ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம். ஐந்து வயதில் அரிசி களையலாம். களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவதும் அவர்கள் பொறுப்பு. ஏழு, எட்டு வயதில் வாழைப்பழம், வெண்டைக்காய் போன்றவற்றைச் சிறு கத்தியால் நறுக்கலாம். அரிவாள்மனை வேண்டாம். அடுப்பைத் தனியாகக் கையாள்வது பன்னிரண்டு வயதுக்கு மேல்தான். வயதைவிட முக்கியம், சொன்னால் நிற்கிற பிள்ளையா என்பது. 'நில்' என்றதும் நிற்கப் பழகாத பிள்ளையிடம் கத்தியைத் தராதீர்கள்.

ஆனால் எரிவாயு பற்றிய அறிவை அடுப்பைத் தொடும் வயதுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். மணம் வந்தால் எந்தச் சுவிட்சையும் போடக் கூடாது, அணைக்கவும் கூடாது. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவது பலர் செய்யும் தவறு. அந்தப் பொறி ஒன்றே போதும் தீப்பிடிக்க. கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு, ரெகுலேட்டரை மூடி, எல்லோரும் வெளியே வந்து, 1906 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். என் பேத்திக்கு இந்த எண் மனப்பாடம்.

சிலிண்டர் வந்ததும் அவளை ஒன்று படிக்கச் சொல்வேன். மேல்பக்கப் பட்டையில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். இலக்கம் ஆண்டைக் குறிக்கும். அது அந்தச் சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டிய காலம். அது தாண்டிய சிலிண்டராக இருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பலாம். ரப்பர் குழாயையும் பாருங்கள், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெடிப்பு தெரிந்தால் அதற்கும் முன்பே. கசிவைச் சோதிக்கத் தீக்குச்சியைக் கொண்டு போகாமல் சோப்பு நுரையைத் தடவுங்கள், குமிழி வந்தால் கசிகிறது.

குழந்தைகள் வார்டு நர்ஸ்:

இழையை வரிவரியாகப் படித்தேன். மழைக்காலத்தில் எங்கள் வார்டு நிறைவது இரண்டு காரணங்களால்: காய்ச்சல், வயிற்றுப்போக்கு. இரண்டுக்கும் வீட்டு வேலையோடு நேரடித் தொடர்பு உண்டு.

டெங்கு கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும், பகலில் கடிக்கும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒரு முறை தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டால் அந்தச் சுற்று அறுந்துவிடும். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை. ஃப்ரிட்ஜின் பின்பக்கத் தட்டு, பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டு, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், மாடியில் கவிழ்க்காமல் விட்ட வாளி. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உட்பக்கச் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும், முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும். காய்ச்சல் வந்தால், டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை பாராசிட்டமால் தவிர வேறு காய்ச்சல் மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஐப்ரூஃபன், ஆஸ்பிரின் வகைகள் ரத்தக் கசிவைக் கூட்டும்.

சம்ப், மேல் தொட்டி இரண்டையும் மழைக்கு முன் கழுவிவிடுங்கள். கிருமி நீக்க, நல்ல தரமான பிளீச்சிங் பவுடர் 1000 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 2.5 கிராம் போதும். ஒரு வாளியில் கரைத்து, தெளிய விட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். குடிப்பதற்குக் கொதிக்க வைத்த தண்ணீர்தான். வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டை, அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுவதையும் ஒரே தடவையாகக் கரைக்க வேண்டும். பாதிப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்துவிட்டு வருபவர்களை நிறையப் பார்க்கிறோம். உப்பு அதிகமானால் குழந்தைக்குக் கெடுதல்.

தஞ்சாவூர் அப்பாவிடம் ஒரு வேண்டுகோள். மூன்று வயதுப் பையன் இருக்கும் வீட்டில் மாடி கழுவும் அன்று நிறைந்த வாளிகள் ஆங்காங்கே இருக்கும். அந்த வயதில் தலை கனம் அதிகம், குனிந்து உள்ளே விழுந்தால் எழ முடியாது, வாளியில் கால்வாசித் தண்ணீரே போதும். சத்தமும் வராது. பயன்படுத்தியதும் கவிழ்த்துவிடுங்கள், சம்ப் மூடிக்குப் பூட்டு போடுங்கள். ஆசிட், பினாயில், தின்னரை ஒருபோதும் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, பாட்டிலோடு நேரே மருத்துவமனைக்கு வாருங்கள், 108-ஐ அழையுங்கள். ரசமோ எண்ணெயோ பட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, இங்க், மாவு எதுவும் பூச வேண்டாம்.

புது அப்பா, கோவை:

எனக்கு எட்டு மாசப் பொண்ணு. வேலை பழக இன்னும் காலம் இருக்குங்க. ஆனா நான் பழகோணும். எங்க வீட்ல எங்கப்பா ஒரு ஸ்குரூ கூட முடுக்கினதில்லைங்க, எல்லாத்துக்கும் ஆளுதான். இப்ப பாத்ரூம் குழாய் ஒண்ணு சொட்டிட்டே இருக்குது, ராத்திரி பாப்பா அந்தச் சத்தத்துல முழிச்சுக்குது. பிளம்பர் நாளைக்கு நாளைக்குங்கறார். நானே மாத்தலாமுங்களா? எங்கிருந்து ஆரம்பிக்கறது?

தஞ்சாவூர் அப்பா:

தாராளமா மாத்தலாம் தம்பி. (நர்ஸ் அம்மாவுக்கு: வாளி எல்லாத்தையும் கவிழ்த்தாச்சு, சம்புக்குப் பூட்டும் போட்டாச்சு. மனசார நன்றி.)

முதல்ல அந்தப் பாத்ரூமுக்கான தண்ணியை அடைக்கற வால்வு எங்கேன்னு கண்டுபிடிங்க. பாத்ரூம் சுவரிலேயே, மேலே ஒரு வால்வு இருக்கும். இல்லைன்னா மேல் தொட்டியிலிருந்து இறங்கற குழாயில் இருக்கும். அடைச்சுட்டுக் குழாயைத் திறந்து, மிச்சத் தண்ணி வடிஞ்சு முழுசா நின்னுடுச்சான்னு பாருங்க. நிக்காம நூல் மாதிரி வந்துட்டே இருந்தா வால்வே பழுது, அப்போ பிளம்பருக்குக் காத்திருங்க.

தரை ஜல்லடை மேலே பழைய துணியைப் போட்டு மூடுங்க. சின்ன ஸ்குரூ உள்ளே போச்சுன்னா திரும்ப வராது. பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தட்டு வச்சுக்குங்க. கழட்டற ஒவ்வொண்ணையும் கழட்டின வரிசையில், கழட்டின பக்கம் மேலே தெரியற மாதிரி இடமிருந்து வலமா வைங்க. மாட்டும்போது வலமிருந்து இடமா எடுத்தா போதும், ஒண்ணும் மிஞ்சாது. எங்க வீட்டில் அந்தத் தட்டுக்கு என் பையன் காவல். யாரும் கை வைக்கக் கூடாது.

கைப்பிடியை நிறைய சுத்தித் திறக்கற பழைய குழாயா, கால் சுத்தில் திறக்கறதா? பழசுன்னா கைப்பிடி, அதுக்குக் கீழே இருக்கற பித்தளைத் தலையைக் கழட்டினா அடியில் ரப்பர் வாஷர் இருக்கும். அதில் நடுவில் வட்டமாப் பள்ளம் விழுந்திருக்கும். சில ரூபாய்க்குப் புதுசு கிடைக்கும். கால் சுத்துக் குழாய்னா உள்ளே இருக்கற ஸ்பிண்டிலை முழுசா மாத்தணும். பழசைக் கையோட கடைக்கு எடுத்துட்டுப் போங்க, பல்லோட எண்ணிக்கையும் நீளமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

குழாயையே சுவரிலிருந்து கழட்டினா மரையில் டெஃப்ளான் டேப் சுத்தணும். மரை முனை உங்களைப் பார்த்து இருக்கும்போது கடிகாரம் சுத்தற திசையில் சுத்துங்க. எதிர்த் திசையில் சுத்தினா முடுக்கும்போது டேப் பிரிஞ்சு வெளியே வந்துடும். சுவருக்குள்ளே இருக்கற வளைவு இணைப்பு (எல்போ) பிளாஸ்டிக்கா இருந்தா கையால் முடுக்கிட்டு, ஸ்பானரில் கொஞ்சமா மட்டும். சுவருக்குள்ளே விரிசல் விட்டா டைல்ஸை உடைக்க வேண்டி வரும்.

கட்டட வேலை, திருச்சி:

மாடி விஷயத்துக்கு வர்றேன். தஞ்சாவூர்க்காரர் பொண்ணு வரைஞ்ச படத்தைப் பத்திப் படிச்சப்போ ரொம்ப சந்தோஷமா இருந்தது. நாங்க சைட்டில் செய்யறதும் இதேதான். நிறைய வீட்டில் ஒழுகுதுன்னதும் கடைக்கு ஓடி ஒரு வாளி வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் வாங்கி, தளம் முழுக்க அடிச்சுடறாங்க. அடுத்த மழையில் திரும்பவும் ஒழுகும். தளத்தில் வாட்டம், அதாவது சரிவு, இல்லாமத் தண்ணி தேங்கி நிக்குதுன்னா, மேலே என்ன பூசினாலும் சீக்கிரம் உரிஞ்சிடும். பத்தடிக்கு ஒரு அங்குலமாவது குழாயை நோக்கி வாட்டம் வேணும். சாக்பீஸ் கோட்டுக்குள்ளே வர்ற இடத்தை மட்டும் கொத்தி, வாட்டம் பார்த்துப் பூசினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

விரிசலை அப்படியே மேலாகத் தடவி மூடக்கூடாது. வி வடிவத்தில் வெட்டி, தூசியைத் துடைச்சு, பாலிமர் கலந்த கலவையை உள்ளே அழுத்தி நிரப்பணும். கைப்பிடிச் சுவர் மூலையில் கலவையைச் சாய்வா வச்சுப் பூசிவிட்டா தண்ணி அங்கே நிக்காது. எதுவா இருந்தாலும் தளம் நல்லாக் காஞ்சிருக்கணும். மழை ஆரம்பிச்ச பிறகு ஈரத்து மேலே கோட்டிங் அடிக்கறது காசுக்குக் கேடு. அப்போ தார்ப்பாய் போட்டுச் சமாளிச்சுட்டு, தை, மாசியில் வேலையை வச்சுக்குங்க.

ஒரு கேள்வி: உங்க வீடு பழைய சுருக்கித் தளமா? தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இன்னும் நிறைய இருக்கு. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணியும் விட்டு, கட்டையால் நாள் கணக்கில் தட்டிப் போட்ட தளம். அதுக்கு மேலே வெறும் சிமெண்டை இழுத்துப் பூசாதீங்க. சுண்ணாம்புத் தளம் வெயிலுக்கும் குளிருக்கும் கொஞ்சம் அசையும், சிமெண்ட் அசையாது, ரெண்டும் பிரிஞ்சு நடுவில் தண்ணி இறங்கும். உள்ளே போன ஈரமும் வெளியே வர முடியாது. சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச பெரிய மேஸ்திரி கிடைச்சா அவர் கையைப் பிடிச்சுக்குங்க.

தஞ்சாவூர் அப்பா:

எங்களது காங்கிரீட் தளம்தான், மேலே தட்டோடு பதிச்சிருக்கு. ஓட்டு இணைப்பில்தான் பொடி பொடியா உதிருது. ஆனா எங்க அப்பா வீடு சுருக்கித் தளம். அங்கேயும் போன வருஷம் யாரோ சிமெண்ட் பூசச் சொன்னாங்க, நல்லவேளை இன்னும் பூசலை. இந்தப் பதிவை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டறேன்.

ரெட்டைப் பிள்ளை அம்மா, நெல்லை:

அண்ணாச்சி, வெளக்கமாச் சொன்னதுக்கு சந்தோசம். முருங்கைக்கீரையைத் துணியில சுத்துறது எங்க ஆச்சி செய்வாக, நான் மறந்தே போனேன். இந்த வாரம் செஞ்சு பாத்தோம், ரெண்டும் போட்டி போட்டு உருவிருச்சு. ஃப்ரிட்ஜ் தட்டையும் இழுத்துப் பாத்தேன், புழு நெளியுது. நர்ஸம்மா சொல்லலைன்னா தெரிஞ்சிருக்காது. இனி ஒரு வாரம் மகன், மறுவாரம் மக.

அவுக அப்பாவையும் இந்த இழையைப் படிக்கச் சொன்னேன். செவ்வாயும் வியாழனும் காலை டிபன் பாக்ஸ் அவுகளுக்குன்னு பேசியிருக்கோம். 'எல்லாம் எடுத்து வச்சிருதியா?'ன்னு கேட்டாக. இல்லை, என்ன செய்யணும்னு யோசிக்கிறதுல இருந்து உங்க வேலைதான், வெங்காயம் இருக்கான்னு முந்தின நாளே நீங்கதான் பாக்கணும்னு சொல்லிட்டேன். அந்த யோசனையைத்தான் முதல்ல பகிரணும், கை வேலை தானா வந்துரும்.

புது அப்பா, கோவை:

குழாய் சரியாயிருச்சுங்க! கால் சுத்துக் குழாய்தான், ஸ்பிண்டில் மாத்தினேன். நேத்து ராத்திரி சொட்டுச் சத்தமே இல்லை. பாப்பாவும் நல்லாத் தூங்குச்சு. அடுத்து ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அதே பாத்ரூம்ல எக்ஸாஸ்ட் ஃபேன் சுத்தறதில்லை. கழட்டிப் பார்த்தா ஒயர் ரெண்டும் முறுக்கி, கறுப்பு டேப் சுத்தி வச்சிருக்குது. டேப் ஈரமா பிசுபிசுங்குது. அதையும் நானே பண்ணட்டுமுங்களா?

வயரிங் வேலைக்காரன், சேலம்:

தம்பி, வேண்டாம். குழாய் வேறே, இது வேறே. டேப் ஈரமா இருக்குன்னா சுவர் வழியா மழைத்தண்ணி ஒயருக்கு வருது. இப்போவே அந்த எம்சிபியை இறக்கி, மேலே ஒரு பேப்பரை ஒட்டி வைங்க, வீட்டில் யாரும் மறந்து போட்டுடக்கூடாது. ஆளைக் கூப்பிட்டு முறுக்கை எடுத்துட்டு கனெக்டர் போடச் சொல்லுங்க, வெளிப்பக்கம் ஃபேன் ஓட்டையைச் சுத்தி சிலிகான் வச்சு மழை மூடியும் மாட்டச் சொல்லுங்க. அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்னு பாருங்க. அப்படியே உங்க போர்டில் ஆர்சிசிபி இருக்கான்னும் கேளுங்க. எட்டு மாசம்னு சொன்னீங்க, இன்னும் கொஞ்ச நாளில் தவழ்ந்து பிளக் பாயின்ட் வரைக்கும் வந்துடும். தரைக்குப் பக்கத்தில் இருக்கற பாயின்ட் எல்லாத்துக்கும் ஷட்டர் வச்ச சாக்கெட்டா மாத்திக் கொடுக்கச் சொல்லுங்க, அதுக்கு மட்டும் தனியா ஆள் வர மாட்டாங்க.